பின்னால் ஜீப்பில் வருகிறவர்

நைனார்பாளையம்
29.9.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஜெயசுதா எழுதுவது. நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, புனேயில் மழை விட்டதா என்று எழுதவும். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ஒரு வாரமாகத் தபாலே இல்லை. உங்கள் கடிதம் வராததற்கு இந்தத் தடவையாவது ஒரு காரணம் இருக்கிறது. மன்னித்துவிட்டேன்.

ஒவ்வொரு லீவிலும் கூட்டிப் போகிறேன் என்பீர்களே, வெள்ளிமலைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு தொங்கு பாலம், அதைப் பார்த்துவிட்டேன். தனியாகத்தான் போனேன். கோபம் வருகிறதா? போன லீவு உங்கள் தம்பி ராஜாங்கத்தின் கல்யாணத்தோடு முடிந்தது. அதற்கு முந்தின லீவில் நீங்கள் தூங்கியே தீர்த்தீர்கள். மறியலுக்கு முந்தின நாளே எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ் நின்றது, ஏறிவிட்டேன். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

பாலத்துக் காவலாளி என்னை விடவில்லை. "தனியா வர்ற பொம்பளைய உடக்கூடாதும்மா. போன வருசம் ஒரு பொண்ணு நடுவுல நின்னுகினு இருந்து குதிச்சிடுச்சி" என்றார். அவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்ப மனசில்லை. "வூட்டுக்காரரு பின்னால ஜீப்புல வராரு" என்று சொல்லிவிட்டேன். உடனே வழிவிட்டார்.

முதல் பலகையில் கால் வைத்ததும் பாலம் மொத்தமும் ஆடியது. கீழே ஆறு தெரியவில்லை, இரைச்சல் மட்டும் மரங்களுக்குள்ளிருந்து வந்தது. பாதி வழியில் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து கம்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரை வரை போனேன். அங்கே ஒரு பாறையும் ஒரு நாவல் மரமும்தான் இருந்தன. ஆனாலும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை, மாமா.

மீதியை எழுதக் கை வரவில்லை. பொழுது சாய்வதற்குள், அடிவாரத்தில் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ் வராது என்று சேதி வந்தது. என் வீட்டுக்காரர் வழியில் மாட்டிக்கொண்டார் என்று காவலாளியும் மற்றவர்களும் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்தில் சாமை பயிரிடுகிற வேடியப்பன் என்பவர் அங்கே இருந்தார். "போலீசு அடிக்கிதாம். பாவம், எடம் தெரியாதவரு எங்க போவாரு? நான் இட்டாரேன்" என்று கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டு வழியாக இறங்கினார். "வேணாம்ணே, அவரே வந்துடுவாரு" என்று மட்டும்தான் சொன்னேன். அப்படி ஒருவர் வரவே இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்களோ என்று பயம்.

மறியல் முடியும்வரை அவர் மனைவி ஆயம்மாள் வீட்டில் இருந்தேன். சோறு போட்டாள், தன் பாயை எனக்குக் கொடுத்தாள். வேடியப்பன் திரும்பவில்லை. பாதை திறந்த பிறகுதான் தெரிந்தது. வெட்டிப் போட்ட புளியமரங்களுக்குப் பக்கத்தில் கொடுவாளோடு நின்றவரை, மரம் வெட்டினவர் என்று பிடித்து, அடித்து, கடலூர் ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தரைத் தேடி வந்தேன் என்றாராம். யாரை, பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு எப்படித் தெரியும்?

ராஜாங்கமும் மறியலுக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. நான் என்ன செய்வது? உடனே பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ஜெயசுதா


புனே
8.10.1987

அன்பு சுதாவுக்கு,

தீனதயாளன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஊரே பற்றி எரிகிறபோது பாலம் பார்க்கப் போயிருக்கிறாய். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ராஜாங்கம் களமருதூரில் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறான். எனக்கு எழுதியிருந்தான். அந்தப் புளியமரங்களை வெட்டியது யார் என்று இனி நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்றுதானே ரோட்டில் இறங்கினார்கள்? உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். நீ போய் அந்த மலைக்காரன் வெட்டவில்லை என்றால், அப்போது யார் வெட்டியது என்று கேட்பார்கள். ராஜாங்கத்தின் மனைவி மாசமாக இருக்கிறாள், அதை நினைத்துப் பார்.

வாயைத் திறக்காதே. இந்தக் கேசுகளையெல்லாம் என்றைக்காவது வாபஸ் வாங்கிவிடுவார்கள், அவனும் வெளியே வந்துவிடுவான். பஸ் இல்லாமல் சிநேகிதி வீட்டில் தங்கியதாக அம்மாவிடம் சொல்லிவை. பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பேசலாம்.

உன்
தீனன்


நைனார்பாளையம்
17.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டி வலி கம்மி. தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய புடவை வந்தது, நிறம் நன்றாக இருக்கிறது. உடுத்திக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

நேற்று ஆயம்மாள் விசாரித்துக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் டைப் அடிக்கிற சத்தத்தில் அவள் பேசியது முதலில் கேட்கவில்லை. வெளியே கூட்டி வந்தேன். என்ன கேட்டாள் தெரியுமா?

"உங்க வூட்டுக்காரரு நல்லபடியா வந்து சேந்துட்டாரா?"

நான் தலையை ஆட்டினேன். மாமா, நான் தலையை ஆட்டினேன்.

"அப்பாடா. அப்ப அவர இட்டாந்து கோர்ட்டுல ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா. எங்க ஆளு அவரத் தேடிகினுதான் வந்தாருன்னு. உட்டுடுவாங்க இல்ல?" என்றாள்.

அவள் போனதும் அவர்களுடைய வக்கீலைப் பார்த்தேன். பாலத்துக் காவலாளி, தன் வேலை போய்விடும் என்று சாட்சி சொல்ல வர மறுக்கிறாராம். அதனால் நான்தான் சொல்லவேண்டுமாம். நவம்பர் ஒன்பதாம் தேதி கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஜாமீன் மனு வருகிறது. "உங்க வூட்டுக்காரரு பக்கத்துல நின்னா கண்டதையும் கேக்கமாட்டாங்கம்மா. தனியா வந்தா, மலையில அத்தினி நாள் இன்னா பண்ணன்னு ஆரம்பிப்பாங்க" என்றார் வக்கீல்.

நாலு நாள் லீவு போட்டு வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். நான் பேசுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். கல்யாணமானதிலிருந்து இதுவரை நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி,
ஜெயசுதா


புனே
27.10.1987

சுதா,

என்னால் வரமுடியாது. கூடப் பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்ப நானே ரயிலேறி வரவேண்டுமா?

ராஜாங்கம் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறான். அத்தனை நாள் மலையில் இருந்துவிட்டு வந்தவள், யாரோ ஒரு மலைக்காரனுக்காக ஏன் இப்படித் துடிக்கிறாள் என்று. ஊரும் இதைத்தான் கேட்கும். நான் என்ன பதில் சொல்வேன்? நீ தனியாகத்தான் போனாயா? ஒரு பொம்பளை தனியாக ஒரு பாலத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவாள்? எனக்கே புரியவில்லை.

கோர்ட்டுக்குப் போனால் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வராதே. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் கிழித்துப் போடவும் மனசில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
14.11.1987

அன்புள்ள மாமாவுக்கு,

ஒன்பதாம் தேதி கோர்ட்டுக்குப் போனேன். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி எழுதிவிட்டாலும் வந்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் புருஷன் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். புனேயில் என்றேன். யாரோடு போனாய் என்றார்கள். தனியாக என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

மரத்தை யார் வெட்டியது என்றும் கேட்டார்கள். நான் மலைமேல் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். நான் பார்க்கவில்லை, அது நிஜம்தானே? ராஜாங்கத்தின் பேர் என் வாயிலிருந்து வரவில்லை. ஒருநாளும் வராது. அவர் மனைவிக்கு வாய்க்கு ருசியாகப் புளிச்சோறு கிளறிக் கொடுத்தவள் நான்தான். "சொல்லிவிடுவாயா" என்று ஒரு வரி கேட்டிருந்தால் "மாட்டேன்" என்று அன்றைக்கே எழுதியிருப்பேன். நீங்கள் கேட்டது வேறு.

வேடியப்பனுக்கு ஜாமீன் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து வெளியே வந்தார். இடது கையை மடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயம்மாள்தான் பேசினாள்.

"எங்க வூட்ல குந்திகினு, எங்க சோத்தத் துன்னுகினு, இவரு வரலியேன்னு நான் அழுததப் பாத்துகினுதான இருந்த? அன்னிக்கே சொல்லியிருந்தா பின்னாலயே ஓடிப் போயி பாதி வழியில திருப்பி இட்டாந்திருப்பமே. இன்னா மனுசி நீ!"

அவள் கேட்டது நியாயம். மலை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். அந்தப் பாவம் என்னுடையது. அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன்.

இன்ஸ்டிடியூட்டில் என்னோடு வேலை செய்கிற குஞ்சம்மாள் அக்கா வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். என் துணிப்பெட்டியை மட்டும் கொண்டுவந்தேன். தீபாவளிப் புடவை பீரோவில் இருக்கிறது. அத்தை வாசல்வரை வந்து அழுதார்கள். முட்டிக்குத் தடவுகிற தைலத்தை அடுப்படி மாடத்தில் வைத்திருக்கிறேன், தினமும் தடவச் சொல்லி எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் தனியாகத்தான் போனேன். கோர்ட்டில் முன்பின் தெரியாத ஒரு நீதிபதி அதை நம்பினார்.

பொங்கலுக்கு வாருங்கள். அத்தை உங்களைப் பார்க்க ஏங்கிப்போயிருக்கிறார்கள். அவர்களோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள். என்னைக் கூப்பிட வரவேண்டாம்.

ஜெயசுதா