செவலை ஏறிப்போன தோணி

12.2.76, வியாழன்

எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் இன்னும் பாதி கிடக்கின்றன. எனக்கு ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது. முந்தின இரண்டும் இதைத் தாண்டவில்லை. அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டு அருணாசலவடிவு அக்கா வந்து செவலையைப் பற்றிப் பேசினாள். செவலை எங்கள் தெருவில் திரிகிற பெட்டை நாய். நான் சோறு வைப்பதால் எங்கள் வாசலிலேயே கிடக்கிறது.

"டீச்சர், இது மறுபடி குட்டி போட்டா தெருவுல நடமாட முடியாது. கறியில மருந்து வச்சிருவோம்னு ஆம்பளையள் பேசுதாக. எம் மேல வருத்தப்படாதீங்க."

வருத்தமில்லை. போன தடவை குட்டிகளோடு இருந்தபோது அது அக்காவின் மகளைத் துரத்தியது உண்மைதான். ஆனால் விஷமா?

13.2.76

பள்ளி விட்டதும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஜெபசிங் சின்ன வயசுக்காரர். கருப்பையை எடுத்துவிட்டால் அப்புறம் குட்டி போடாதே, செய்ய முடியுமா என்று கேட்டேன். "காலேஜ்ல ஒரே ஒரு தடவை செஞ்சிருக்கேன் டீச்சர். இங்கன எல்லாம் ஆடும் மாடும்தான்" என்றார். கம்பவுண்டர், "ஊரெல்லாம் நடக்குற குடும்பக் கட்டுப்பாடு இனி நாய்க்குமா" என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

14.2.76, சனி

பிழைத்துக்கொண்டது. மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

அதற்குப் பிள்ளையே வேண்டாம் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்று தினமும் பெருமாளிடம் நிற்கிறேன். இது சரியா? விஷத்துக்கு இது மேல். மேல்தானே?

புறக்கடையில் கட்டியிருக்கிறேன். இவர், என் கணவர், ஆசாரம் பார்க்கிறவர். குளித்துவிட்டு வந்தவர், நாய் மேலே பட்டதும் மறுபடி குளித்தார்.

23.2.76, திங்கள்

இன்று தையல் பிரித்தார் டாக்டர். நான் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தையலில் திமிறி மணிக்கட்டில் கடித்துவிட்டது. இரண்டு பல் பட்ட இடம், கொஞ்சம் ரத்தம். டாக்டர் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன்.

தெருவில் விட்டால் மருந்து வைத்துவிடுவார்கள். அறுத்தது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. டாக்டரே ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஞானையா என்று ஒரு தண்டல், தோணியின் தலைவர், டாக்டரோடு கோயிலுக்குப் போகிறவர். கொழும்பில் சரக்கோடு நிற்கையில் திருட்டுப் பயமாம், காவலுக்கு நாய் வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். நாளைக்குத் தோணி புறப்படுகிறது.

28.2.76, சனி

உப்புக்கடை முக்கில் கிடக்கும் கருப்பன் என்கிற நாய்க்கு வெறி பிடித்துவிட்டது. வாயில் நுரை. ஓர் ஆட்டைக் கடித்தது. அடித்துக் கொன்றார்கள்.

வடிவக்கா சொன்னாள்: "பொங்கலுக்கு எங்கேயோ இருந்து ஒரு நாய் வந்து கருப்பனையும் செவலையையும் கடிச்சு இழுத்துச்சே, அதுல வந்ததுதான். நல்ல வேளை, செவலையை அனுப்பிட்டிய."

நல்ல வேளையா. மணிக்கட்டில் பல் பட்ட இடத்தைப் பார்த்தேன்.

இவர் வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன். "எப்போ? ஏன் அப்பவே சொல்லலே?" என்றார். அவ்வளவுதான். கழற்றின சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு என்னை டாக்டர் அருமைநாயகத்திடம் கூட்டிப்போனார்.

"நாய் எங்க?"

"கடலில்" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கடித்த நாய் பத்து நாள் ஆரோக்கியமாக இருந்தால் பயமில்லையாம். பார்க்க முடியாவிட்டால் தொப்புளைச் சுற்றி ஊசி. "அபூர்வமா சிலருக்குக் கைகால் விழுந்துரும். மறைக்காம சொல்லுதேன். ஆனா அந்த நாய்க்கு வெறி இருந்து, ஊசியும் போடலைன்னா, பெறகு நான் செய்ய ஒண்ணுமில்லை."

வயிற்றில் இருப்பதற்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தாய் இருந்தாத்தானம்மா பிள்ளை" என்றார்.

முதல் ஊசி இன்றே போட்டாகிவிட்டது.

1.3.76

வயிறு கல்லாக வீங்கிக்கிடக்கிறது. எது ஊசி வீக்கம், எது பிள்ளை என்று தெரியவில்லை.

3.3.76

இவர் துறைமுக ஆபீஸ் முடிந்ததும் தினமும் பழைய துறைமுகத்துக்குப் போய் நிற்கிறார். இன்று கொழும்பிலிருந்து வேறொரு தோணி வந்ததாம். முகத்தைப் பார்த்தே கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று.

"ஒண்ணுமில்லை."

"சொல்லுங்கோ."

அந்தத் தோணிக்காரர்கள் செவலையைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மூலையில் சுருண்டு கிடந்ததாம். கஞ்சி வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

தண்ணீர்? தண்ணீர் குடித்ததா? அதை யாரும் கேட்கவில்லை. ஐயோ, அதைக் கேட்க வேண்டாமா. அதுதானே முக்கியம், வெறியென்றால் தண்ணீர் இறங்காதே.

5.3.76

தண்ணீர் குடித்தேன். குடிக்க முடிகிறதா என்று பார்க்கத்தான் குடித்தேன்.

7.3.76, ஞாயிறு

காய்ச்சல். நேற்றிலிருந்து உள்ளே அசைவில்லை. கால் மரத்திருக்கிறதா, இல்லை மடக்கி உட்கார்ந்ததாலா? எழுந்து நடந்தேன். நடக்க முடிகிறது.

வடிவக்கா ரசமும் சோறும் கொண்டுவந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அந்த நாய்க்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நேந்திருக்கேன் டீச்சர்" என்றாள். மருந்து வைக்கப் போகிறார்கள் என்று சொன்ன அதே அக்கா.

சாயங்காலம் லேசாக ஓர் அசைவு. லேசாகத்தான்.

9.3.76, செவ்வாய்

இடைவேளையில் இவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தோணி வந்துவிட்டது, வா என்றார். வேறெதுவும் தெரியாது.

ரிக்‌ஷாவில் பழைய துறைமுகத்துக்குப் போனோம்.

பாய்மரத்தடியில் செவலை நின்றுகொண்டிருந்தது. எலும்பு தெரிய இருந்த உடம்பில் சதை வைத்திருக்கிறது. ஒரு மீன் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஞானையா கீழே இறங்கி வந்தார். "மொதல்ல கடலு ஒத்துக்கலம்மா. வாந்தியா எடுத்துச்சு. தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. இப்பம் பாருங்க, ஒரு பயல் சரக்குக்கிட்ட வர முடியாது."

தண்ணி மட்டும் குடித்ததாம். நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செவலை" என்று கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. வால் ஆடியது. இறங்கி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஞானையா பலகையில் ஏறினதும் அவர் பின்னாலேயே போய், அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

கொஞ்சம் வலித்தது. அதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதானே அனுப்பினேன்.

டாக்டர் அருமைநாயகம் மிச்ச ஊசிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

15.5.76, சனி

காலையில் வடிவக்கா கயிறும் கையுமாக வந்தாள். கயிற்றின் மறுமுனையில் உப்புக்கடை முக்குப் பெட்டை நாய். ஆம்பளைகளிடம் பேசிவிட்டாளாம், விஷம் வேண்டாம், மாட்டாஸ்பத்திரியில் இதற்கும் அறுத்துவிடலாம் என்று.

"வாய நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க கிட்டயே வரப்படாது."

நான் செருப்பை மாட்டினேன். "நீ எங்கே கிளம்பறே?" என்று கேட்டுக்கொண்டே இவர் வெளியே வந்தார். அக்காவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முக்குத் திரும்பும்வரை வாசல்படியில் நின்று பார்த்தேன். வெகுநேரம் நிற்க முடிவதில்லை. எட்டாம் மாதம்.