தீட்டோடு கோயிலுக்குப் போனோம்

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவும்தான். அதை முதலில் சொல்லாவிட்டால் மீதியைக் கேட்க உனக்குப் பொறுமை இருக்காது.

உன் கருமாதிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. பனி கொட்ட வேண்டிய மாதத்தில் கம்பளிக்குள் வியர்த்தது. அப்படி ஒரு புழுக்கமான மழை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், மேல்மலைத் தேயிலைக்கு நடுவே தரை வெடித்தது. ஓடையில் தண்ணீருக்குப் பதில் சேறு வந்தது. மண் சரியப்போகிறது, உடனே கோயிலுக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். வெளியே போகிற டயகம ரோடு மண் விழுந்து மூடிக் கிடந்தது. பாறை மேல் இருக்கிற நம் மாரியம்மன் கோயிலை விட்டால் வேறு இடம் இல்லை.

எல்லாரும் போனார்கள். அப்பா மட்டும், உனக்காக ஏற்றிவைத்த விளக்குக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“தீட்டோட கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன். கருமாதி வரைக்கும் இந்த வெளக்கும் அணையக் கூடாது. நீ போம்மா.”

கத்தினேன், அழுதேன், கையைப் பிடித்து இழுத்தேன். அசைந்தால்தானே! நீ இருந்தவரை உனக்காக ஒரு நாளாவது இப்படிப் பிடிவாதம் பிடித்திருக்கிறாரா, அம்மா?

வேறு வழி தெரியாமல் கோயிலுக்கு ஓடிப் பூசாரி மாமாவிடம் சொன்னேன். திருவிழாக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீ கிழி கிழியென்று கிழித்தாயே, அதே ஆள்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு மழையில் இறங்கினார்.

வாசலில் நின்று கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். நேராக உள்ளே வந்தார். உன் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, நம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

“ஐயோ பூசாரி, சாவு வீட்ல தண்ணி குடிச்சிட்டீங்களே!”

“ஆமாண்ணே, இப்ப எனக்கும் தீட்டுதான். நான் கோயிலுக்குள்ள போகத்தான் போறேன். மாரியாத்தா கேட்டா ரெண்டு பேரும் சேந்தே பதில் சொல்லுவோம். எந்திரிங்க.”

அப்பா எழுந்தார். விளக்கைக் குடைக்குள் பொத்திக்கொண்டு நடந்தார். கோயில் படிக்கு வருவதற்குள் அது காற்றில் அணைந்துவிட்டது. திரும்பிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. பூசாரி மாமா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே ஏறினார். நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது. நம் லயம் இருந்த இடத்தில் இப்போது சேறுதான் இருக்கிறது அம்மா.

ரோடு திறந்ததும் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். உன் கருமாதியை அங்கேதான் முடித்தோம். தீட்டுப்பட்டவர் இனிப் பூசை செய்யலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். “அவர் தீட்டுப்படாமல் இருந்திருந்தால் என் அப்பா இன்றைக்கு இருப்பாரா?” என்று எழுந்து நின்று கேட்டேன். உன் குரல் அப்படியே வந்தது. பூசை இன்றைக்கும் அவர்தான்.

பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டில் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள் தோட்டத்து அதிகாரிகள். அப்பா தலையாட்டிவிட்டார், நீ வாழ்ந்த மண்ணாம். நான் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். மண் சரியாத இடத்தில் வீடு கட்டக் காணி கிடைக்கும்வரை விட மாட்டேன், கிடைக்கவும் வைப்பேன். அதற்காக அப்பா என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

அந்த மலைக்குக் கீழே அவரை இன்னொரு முறை படுக்க விட மாட்டேன். உனக்கு எவ்வளவுதான் ஆசை இருந்தாலும், இப்போதைக்கு அவரை உன்னிடம் அனுப்புவதாக இல்லை.

உன் வாயைக் கொண்டு பிறந்த
மகள்