முரசடித்த சீனாக்காரியும் கதிர் கல்யாணமும்

தை 9, வெள்ளி

காலையில் நல்ல பனி. கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு, தம்பி கதிரோடு சேலம். ஃபேர்லேண்ட்ஸில் கல்யாணச் சேலை எடுத்தோம். மாம்பழ நிறம், பச்சைக் கரை. பெண்ணுக்குப் பிடிக்குமோ என்னவோ, எனக்குப் பிடித்தது.

பிறகு தியேட்டர், கதிர் பிடிவாதம். சீனப் படம், தமிழில் பேசுகிறது. அந்தக் காலத்து யுத்தம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை குதிரைகள். இத்தனைக்கும் தீவனம் யார் போடுவது என்றுதான் எனக்கு ஓடியது. பின் சீட்டு அம்மா கணவரிடம், "ஏனுங்க, இத்தன சனத்துக்கும் சோறு எங்கீங்க ஆக்குவாங்க?" நம்ம கட்சி.

கோட்டையைச் சுற்றி எதிரிப்படை. தளபதி செத்துப்போகிறான். அவன் பெண்டாட்டி மதில் மேல் ஏறிப் போர்முரசை அடிக்கப் போகிறாள். புருஷனை இழந்தவள் கை பட்டால் படை தோற்குமாம், கிழட்டு மந்திரி மறிக்கிறான். அவனைத் தள்ளிவிட்டு அடித்தாள் பார்! கதிர் எழுந்து நின்று விசில். என் வீட்டுக்காரர் போய் இது மூன்றாவது தை.

தை 10, சனி

முட்டை வண்டி தாமதம். படம் மண்டைக்குள்ளேயே.

இன்றைக்குக் கோபம். ஊரைக் காப்பாற்றியவளைக் கடைசியில் தீயில் விட்டுக் கொன்றுவிட்டார்கள். எதற்கு? ஜெயித்தவள் பிழைத்துக் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? செத்தால்தான் கும்பிடுவார்கள் போல. எடுத்தவன் சீனாக்காரன், புத்தி மட்டும் நம் பெரியப்பா புத்தி.

தை 12, திங்கள்

பெரியப்பா வந்தேவிட்டார். இணைச்சீர் பேச்சு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் கூடை ஏந்தி நிற்கிற சீர். கதிருக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

"நம்ம சுகந்தி செய்யட்டும் சாமி. அவ சுமங்கலி. நீ கீழ உக்காந்து பாரு, அதே போதும்." சுகந்தி அவர் மகள்.

"ஏனுங்க பெரியப்பா, அப்பா போன பொறவு இவனப் படிக்க வெச்சது எந்தச் சுமங்கலிங்க?"

காப்பியைக் குடித்தார். தியேட்டரில் விசிலடித்த கதிர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தை 13, செவ்வாய்

மூட்டம். கதிர் பண்ணைக்கு வந்தான்.

"எனக்கு ஆசதானுங்க்கா. சனம் என்ன பேசுமோன்னு..."

"சீனாக்காரி பண்ணுனா விசிலடிப்ப, அக்கா பண்ணுனா சனம் பேசுமா?"

"அது படமுங்க்கா."

"அப்ப அவளையே அக்காவா வெச்சுக்கடா."

தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டே அழுதேன். அவன் பார்க்கட்டும் என்றுதான் அழுதேன்.

தை 16, வெள்ளி

தையல்காரரிடம் ஜாக்கெட். அரக்குப் பட்டுக்கு இஸ்திரி. இரண்டு நாள் கோழி பார்க்க ஆள். பூ சொல்ல வேண்டும், எனக்கும் சேர்த்து.

சுகந்தி போன். "நான் செய்யமாட்டேனுங்க்கா. ஆனா அப்பாகிட்டச் சொல்லத் தகிரியமில்ல." எல்லோருக்கும் மனசு இருக்கிறது, வாய்தான் இல்லை. எனக்கு இருக்கிறது.

ராத்திரி அந்தப் படத்தின் துண்டு போனில் வந்தது. முரசு வரைக்கும் பார்த்தேன். தீ வருவதற்குள் அணைத்துவிட்டேன்.

தை 18, ஞாயிறு

சங்ககிரி மண்டபம். நல்ல கூட்டம். சீர் நடத்துகிற அருமைக்காரர், "இணைச்சீர்க்காரி வாங்க" என்றார். சுகந்தி தலையைக் குனிந்து நாற்காலியிலேயே இருந்தாள். நான் மேடை ஏறினேன்.

"கீழ எறங்கு சாமி," பெரியப்பா.

"மாட்டேனுங்க."

மேளம் நின்றுபோயிற்று. அருமைக்காரர் கதிரைப் பார்த்தார். அவன் குனிந்து கூடையை எடுத்து என் கையில் வைத்தான். அருமைக்காரர் மேளத்துக்குச் சைகை காட்டினார்.

சீர் முடிந்தது, தாலியும் ஏறிற்று. பெரியப்பா சாப்பிடாமல் கிளம்பினார். வாசலில் போய் மறித்தேன்.

"இணைச்சீர்க்காரி கூப்படறேனுங்க பெரியப்பா. சாப்புட்டுட்டுப் போங்க."