மேல்வரிசைக்கு மட்டும் கம்பி

நம் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல்? அறுபது வயதுக்கு மேல் ராஜாவாக வாழ இப்போதே ஏற்பாடு செய்கிறவர் ஆயிற்றே.

இந்த மாதம் பிள்ளையின் பராமரிப்புத் தொகை பாதிதான் வந்தது. வேலை போய்விட்டதோ, லிஃப்ட் குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டீர்களோ என்று பதறிவிட்டேன். கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு ஒரு கண்ணை மட்டும் சோதித்திருந்தேன். மற்ற கண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பராமரிப்புத் தொகையைக் கணக்கிட்டு வாங்கித் தரும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கிருந்த அம்மாள் கணினியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஓய்வூதியத்துக்கு நிறையக் கட்டுறார். அதைக் கழிச்சுட்டு மிச்சச் சம்பளத்துலதான் நாங்க கணக்குப் போடுவோம்" என்றார். 'முன்னாள் வீட்டுக்காரர்' என்று திருத்தினேன். மூச்சிரைக்க ஓடிவந்தவள் அப்படித் திருத்தியது எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்கவே வேண்டாம். லிஃப்ட் மெக்கானிக் புத்தி! ஒரு கயிறு தாங்குகிற இடத்தில் ஆறு கயிறு போட்டால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். குடித்தனம் நடத்தியபோதும் கதவுக்கு நாலு பூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து சாவி. அந்த வீட்டில் உபரி இல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான். இப்போது கம்பெனி ஓய்வூதியம் ஒன்று, சொந்தமாக ஒன்று, அதற்கும் மேலே மூன்றாவதாக ஒன்றாம். நல்ல கூத்து!

இங்கே பிள்ளைக்கு மேல்வரிசைப் பல்லுக்குக் கம்பி மாட்டியாகிவிட்டது. கீழ்வரிசைக்குப் பணம் கட்ட வழியில்லை. ரெண்டு வரிசையும் சேர்ந்து நகரணும், இல்லையென்றால் சரியாகக் கடிக்க முடியாது என்று பல் மருத்துவர் சத்தம் போடுகிறார். இவளோ, "அப்பா என் பல்லுக் காசுல அவரோட பல்செட்டுக்குச் சேர்க்குறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். வகுப்பில் எழுந்து பேசுவதையும் நிறுத்திவிட்டாளாம்.

போன வாரம் நீங்கள் போனில், "எல்லாம் உனக்குத்தாண்டா செல்லம். நான் போயிட்டா மொத்தமும் உன் பேருக்குத்தான் வரும்" என்று பெருமையாகச் சொன்னீர்களாமே. போனை வைத்துவிட்டு வந்து கேட்டாள்: "அப்போ, அப்பா செத்தாத்தான் எனக்குக் கீழ்வரிசைக் கம்பியாம்மா?" அன்றிலிருந்து கம்பியே வேண்டாம் என்று அடம்பிடிக்கிறாள். மாட்டியதையும் கழற்றச் சொல்கிறாள்.

அளவுக்கு மீறிக் கட்டுகிறார் என்று ஆட்சேபணை கொடுங்கள், திரும்பக் கணக்குப் போடுகிறோம் என்று அலுவலக அம்மாள் சொன்னார். முதலில் அவருக்கு எழுதிப் பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆட்சேபணை போனால் உங்களை மோசக்காரர் என்பார்கள். நீங்கள் மோசக்காரர் இல்லை, சுத்த மடையர். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

முதல் இரண்டும் இருக்கட்டும், நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்றாவதை மட்டும் இந்த மாதமே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டு, இப்போதைக்குச் சாகிற உத்தேசம் இல்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

நூறு வயது வரைக்கும் நன்றாக இருங்கள். அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா