ஜமுக்காளத்துக் கோடுகள்

திருவாதவூர்
16.3.1984

அன்புள்ள மச்சானுக்கு,

மலையம்மாள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பூனா வெயிலில் வேலை பார்க்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

கல்யாணச் சீராக வந்த கறுப்புக் கோடு போட்ட ஜமுக்காளத்தை விரிக்கும்போதெல்லாம் கை கால் வெட்டி விழுவேனே, அதைப் பார்த்துத்தானே உங்களோடு சேரவிடாத பேய் என்று அத்தை என்னைத் திருமங்கலத்திலிருந்து இங்கே என் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார். பங்குனி அமாவாசையன்று பேயோட்டும் கோடாங்கியிடம் சாட்டையடி வாங்க நீங்களும் சம்மதித்து எழுதியிருந்தீர்கள்.

அதற்குள் கருத்தக்கண்ணன் அண்ணன் என்னை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். தலையெல்லாம் ஒயர் ஒட்டி, கோடு போட்ட அட்டைகளைக் காட்டினார்கள். அகலக் கோட்டுக்கு ஒன்றுமில்லை. நம் ஜமுக்காளம் மாதிரி நெருக்கக் கோடு வந்ததும் மிஷினில் பேனாவெல்லாம் குதித்தது. ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னதும் அடங்கிவிட்டது.

பின்மூளையில் பார்வைக்கென்று இருக்கும் நரம்பணு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடுதான் பிடிக்குமாம். நிமிர்ந்த கோட்டுக்கு ஒன்று, சாய்ந்ததற்கு வேறொன்று, அகலத்துக்கும் அப்படியே. ஒரே மாதிரிக் கோடு வரிசையாக வந்தால் அதற்குரியது அம்புட்டும் சேர்ந்து கூப்பாடு போடுமாம். மற்றவர்களுக்கு அது ஓர் அளவோடு நிற்கும், எனக்கு நிற்காமல் வலிப்பாகிவிடுகிறது. "பேயெல்லாம் இல்லத்தா, மாத்திரைக்குக் கட்டுப்படும்" என்றார். பேயாயிருந்தால் கோயில் மதிலில் அடித்த அகலமான பட்டையைக் கண்டல்லவா நான் விழுந்திருக்க வேண்டும்?

கோடு எதிர்ப்பட்டால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம். நான் கண்ணடிப்பதாக ஊரே பேசப்போகிறது.

அண்ணன் போய்ச் சொன்னதற்கு அத்தை, "நாங்களும் அதுலதானடா படுக்கோம், எங்களுக்கு என்ன ஆச்சு" என்று கேட்டாராம். நீங்கள் எழுதினால்தான் கேட்பார். கோடாங்கி வேண்டாமென்று உடனே ஒரு கார்டு போடுங்கள். அமாவாசை நெருங்கிவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் விழுந்து எழுந்தபோதெல்லாம் நீங்கள் வாசலில் போய்ப் படுத்துக்கொள்வீர்கள். உங்களைப் பிடிக்காமல்தான் எனக்கு இப்படி வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். அடிக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் நான் அதிகம் அழுதேன். உங்களைக் கண்டு நான் ஒருநாளும் விழவில்லை, மச்சான்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேளுங்கள். வரும்போது புது ஜமுக்காளம் ஒன்று வாங்கி வாருங்கள். எந்த நிறமானாலும் சரி, கோடு மட்டும் வேண்டாம். நானே விரிக்கிறேன்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் அழகர் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
மலையம்மாள்