ஜூலியின் காலும் என் காலும்

செவ்வாய், இரவு.

எங்கள் நாய் ஜூலி, பட்டறை வாசலில் கிடந்த இரும்புச் சுருளை மிதித்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் இரும்பு கடையும் லேத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தரையில் உட்கார்ந்து, அதன் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கில் குத்தியிருந்த துண்டைப் பக்குவமாக எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ரத்தம் நிற்கும்வரை சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கட்டும் போட்டார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, பொறுத்துக்கோ."

ஆனி மாதம் என் குதிகாலில் கண்ணாடி ஏறியபோது, "பாத்து நடக்கறதில்லியா அம்மணி?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அதே மனிதர்.

"எனக்கெல்லாம் இப்படிக் கட்டுப் போட்டதில்லீங்களே" என்று சொல்லியேவிட்டேன்.

"உனக்கு வாயிருக்குது. அதுக்குச் சொல்லத் தெரியாதே" என்று சிரித்தார்.

நானும் அன்று வலிக்கிறது என்று சொல்லத்தான் செய்தேன்.

நாளை பட்டறையைப் பூட்டிவிட்டு ஜூலியை டாக்டரிடம் கூட்டிப்போகிறாராம். எனக்காக ஒரு நாளும் பூட்டியதில்லை.

"கட்டு இறுகுனா விரல் வீங்கிப்போகும், ஒருக்கா பாத்துரு" என்று என்னிடம் வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. ஜூலி என் கையை நக்கியது. அதன்மேல் கோபப்பட முடியவில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது.