மூன்று பேர் மட்டும் வாசிக்கும் இடம்

புக்கிட் காத்தில், மலாக்கா
6 ஆகஸ்டு 1995

அன்பு மகள் பவானேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். உன் லண்டன் நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்து, நீ வீடு மாறிப் போய்விட்டாய் என்கிறாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை. என் இங்கிலீசும் அதற்கு மேல் ஓடவில்லை. அதனால் நீ வாசித்த சிடி அட்டையின் பின்னால் இருந்த இசைக் கம்பெனி முகவரிக்கே இதை அனுப்புகிறேன். உன்னிடம் சேர்த்துவிடும்படி உன் தம்பி தினேஸ்வரன் உறைமேல் இங்கிலீசில் இரண்டு வரி எழுதியிருக்கிறான். அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. அவர்களுக்குப் புரிந்தால் சரி.

தைப்பூசத்துக்கு மறுநாள் போனில் பேசினாய். கொஞ்சம் உடம்பு முடியலப்பா, பெருசா ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட சொல்லாதீங்க என்றாய். அன்றைக்குக் கேட்டதுதான் உன் குரல். போன மாதம் சிடி மட்டும் வந்தது, உள்ளே ஒரு வரி இல்லை. அட்டைப் படத்தில் வாத்தியங்களோடு நாலு பேர் நிற்கிறீர்கள். ஓரத்தில் நிற்பது நீதான் என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாய்.

நம் வீட்டில் கேசட் ரேடியோதானே. தினேஸ்வரன் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவரிடம் கொடுத்துக் கேசட்டில் பதிந்துகொண்டு வந்தான். புதுக் கேசட் வாங்க நம் வீட்டுத் துரைக்குச் சோம்பல். அங்கமுத்து மாமா இறந்தபோது சாவு வீட்டில் போடுவதற்காக வாங்கினோமே சாமி பாட்டு கேசட், அதில் ஒரு பக்கத்தை அழித்து உன் வாசிப்பைப் பதிந்திருக்கிறான். எதில் எதைப் பதிவது என்று அந்தக் கழுதைக்கு ஒரு விவஸ்தை இல்லை.

முதல் தடவை போட்டதும் டேப் சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். அதே நாலு சுரம், திரும்பத் திரும்ப. காலமெல்லாம் பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த புத்தி, ரேடியோ மண்டையில் இரண்டு தட்டு தட்டினேன். பக்கத்து வீட்டு மணியம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, என்னாண்ணே, ரேடியோ ரோசாக்கா, கெட்டுப்போச்சுன்னா கடையில குடுங்கலா என்றார். தினேஸ்வரன் அட்டையைப் படித்துப் பார்த்து, இப்ப அங்கெல்லாம் இப்படித்தாம்பா, கொஞ்சூண்டு வச்சுக்கிட்டு அதையே மெல்ல மெல்ல மாத்தி வாசிப்பாங்க என்றான். எனக்கு மாறியது எதுவும் கேட்கவில்லை.

உன் அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. அந்தத் தடிச்ச குரல் எம்மவளோடது என்று உடனே சொல்லிவிட்டாள். மணியம் வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று நீ குளியலறைக்குள் போய், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, வயலினைவிடப் பெரிய அந்த வயோலாவைப் பழகுவாயே, அவள் கதவுக்கு வெளியே மீன் ஆய்ந்துகொண்டே கேட்டவளாயிற்றே. தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் கேசட்டைப் போடச் சொல்லுவாள். அவள் கேட்கக் கேட்க எனக்கும் பழகிவிட்டது. உன் வயோலா மட்டும் மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவது இப்போது எனக்கும் தெரிகிறது.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது, பாப்பா. ஓர் இடத்தில் உன் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடுகிறது. மற்ற மூன்று பேரும் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். நீ வருவாய், வருவாய் என்று அம்மா ரேடியோ பக்கத்தில் காதை வைத்துக் காத்திருப்பாள். நீ வரமாட்டாய். டக்கென்று ஒரு சத்தம். ரேடியோ தானாகவே மறுபக்கத்துக்குத் திரும்பி, சாவு வீட்டுச் சாமி பாட்டு ஆரம்பித்துவிடும்.

முதல் நாளே அவள் முகம் மாறிவிட்டது. இப்போது அவளுக்கு அது பாட்டு இல்லை, உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற சேதி. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தில் கட்டியிருக்கிறாள். கேசட்டை ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துவிட்டாள். இனிப்பு நீர் வியாதிக்குப் போடும் இன்சுலின் ஊசியையும் நிறுத்திவிட்டாள். எம்புள்ள திரும்ப வாசிக்கட்டும், அப்புறம் குத்திக்கிறேன் என்கிறாள். நான் கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒரு வரி எழுதம்மா. நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

உன் கடிதத்துக்காகத் தபால்காரன் மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே மறிக்கும்,
உன் அப்பா
தம்புசாமி


மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
21 ஆகஸ்டு 1995

என் மகள் பவானிக்கு,

முதல் கடிதம் கிடைத்ததோ இல்லையோ, இதையும் அதே முகவரிக்குத்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வேறு போக்கு எனக்கு இல்லை.

அம்மா வீட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். காலில் ஒரு புண் இருந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவேயில்லை. விரல்கள் கறுத்துவிட்டன. சில நாளைக்குள் ஆப்பரேசன் செய்து அவற்றை எடுக்காவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். சுயநினைவோடு இருப்பதால் அவள் சம்மதம் வேண்டுமாம். அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஊசி போட வந்தால் கையை உதறுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்று தினேஸ்வரன் எங்கேயோ இரவல் வாங்கி, கையடக்க சிடி பெட்டி ஒன்று கொண்டுவந்தான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டேன். நீ நிற்கும் இடம் வந்தது. மூன்று பேர் வாசித்தார்கள். டக்கென்ற சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சத்தம் வரவேயில்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். அப்புறம் அடியிலிருந்து ஒரே ஒரு சுரம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. நீதான். நீ திரும்பி வந்துவிட்டாய் பாப்பா! கேசட்தான் முடிந்து போயிருக்கிறது, உன் வாசிப்பு முடியவில்லை. நீளம் போதாத கேசட்டில் பதிந்துவிட்டு அந்த மடையன் அதைச் சரிபார்க்கவும் இல்லை. அத்தனை பேர் பார்க்க அந்தப் பெஞ்சிலேயே அழுதேன்.

உள்ளே ஓடி அம்மா காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நீ திரும்பி வரும் இடத்தில், காதில் மாட்டியிருந்ததைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்று நினைத்தேன். அவளே மெதுவாகக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இது எப்பவோ வாசிச்சதுங்க, இப்ப எம்மவ எங்க என்று கேட்டாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். சிடி வந்த உறையில் முகவரி டைப் அடித்திருந்தது, உன் கையெழுத்து எங்கேயும் இல்லை. அக்காவே அனுப்பியிருக்கு என்று தினேஸ்வரனைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு இங்கிலீஸ் தெரியாது, நம்பிவிட்டாள். அனுப்பியது நீதானா, அனுப்பும்போது நீ எப்படி இருந்தாய், எனக்கும் தெரியாது. அந்த நினைப்பை வைத்துக்கொண்டு அவள் முன்னால் சிரித்துப் பேச இனி என்னால் முடியாது.

ஜானகி என்று ஒரு தாதி இருக்கிறாள், நல்ல பிள்ளை. எந்த நேரம்னாலும் வார்டு போனுக்குக் கூப்பிடச் சொல்லுங்க அங்கிள், நான் வயரை இழுத்துக் கட்டில்கிட்ட கொண்டாந்துடுறேன் என்றாள். நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேச மனமில்லை என்றால் பேச வேண்டாம். எங்கே போனாய், ஏன் போனாய் என்று யாரும் கேட்க மாட்டோம். வயோலாவை எடுத்து, நீ திரும்பி வரும் அந்த ஒரு சுரத்தை வாசி. வில்லைப் பிடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை என்றால் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடு. நீதான் என்று அம்மா கண்டுபிடித்துக்கொள்வாள். அப்புறம் அவளே ஆப்பரேசனுக்குச் சம்மதம் சொல்லிவிடுவாள்.

மாரியாத்தா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம், பாப்பா. இன்னும் நிறுத்தவில்லை. சீக்கிரம் வந்து சேர்ந்துகொள்.

போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
அப்பா